ஏகநாதன் செய்த பதினோரு இணையதளங்கள்

குன்னூர் பெட்போர்டில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தபோது, என் கடைக்கு நேர் மேலே இருந்த அறைக்கு ஏகநாதன் குடிவந்தான். இரண்டாயிரமாவது வருடம். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, வாசலில் அவனே ஒட்டிய ஒரு போர்டு. தனி டெலிபோன் வைக்க வசதியில்லாததால் என் லைனிலிருந்து ஒயரை ஜன்னல் வழியாக மேலே இழுத்துக்கொண்டான். அவன் இண்டர்நெட்டில் இருந்தால் என் பூத்தில் யாரும் பேச முடியாது. ஆள் வந்தால் நான் கூரையைக் கம்பால் தட்டுவேன், அவன் துண்டித்துக் கொடுப்பான்.

பெற்றோர் எழுபதுகளில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை, கோத்தகிரி ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். இவன் தபால் மூலம் பி.காம். முடித்து, கோயமுத்தூரில் ஆறு மாதம் தங்கி இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டு மலையேறி வந்திருந்தான்.

அப்போது பச்சைத்தேயிலை விலை விழுந்து மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருந்தது. ஃபேக்டரிக்காரர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளலாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். ஏகநாதன் அவர்களிடம் போய், ஏலத்தை நம்பாமல் வெளிநாட்டுக்காரர்களுக்கு நேரடியாக விற்கலாம், அதற்கு ஒரு இணையதளம் போதும் என்றான். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவனே அதை நம்பினான். இரண்டு வருடத்தில் பதினோரு தளங்கள் செய்தான்.

எல்லப்பன் என்று ஒரு சின்ன ஃபேக்டரி முதலாளி. திங்கட்கிழமைதோறும் படியேறி வந்து, ஏதாவது வந்ததா என்று கேட்பார். வந்ததெல்லாம் விளம்பரக் கடிதங்கள். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். ஏகநாதன் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து படித்துக் காட்டினான். அவளுக்கு வேண்டியது இரண்டு பாக்கெட். எல்லப்பன் அதையும் பொட்டலம் கட்டி அனுப்பினார். அடுத்த வருடம் அவருடைய மெஷின்கள் பழைய இரும்பாக லாரியில் கோயமுத்தூருக்கு இறங்கின. அதன்பின் அவர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

அம்மா வேலை செய்த எஸ்டேட்டுக்கும் ஏகநாதன்தான் தளம் செய்தான். சிரித்த முகத்தோடு ஒரு தொழிலாளியின் படம் வேண்டும் என்று மேனேஜர் குமாரசாமி கேட்டார். மற்ற பெண்கள் கூச்சப்பட்டதால் அஞ்சலையம்மாவையே நிறுத்தினான். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “சிரிக்கச் சொன்னா சிரிக்கிறேன். தொர பார்த்து ஆறு நாள் பேர் போடுவாரான்னு கேளு” என்றாராம். படத்தை ஸ்டூடியோவில் கழுவி வந்து எனக்குக் காட்டினான். உண்மையில் நல்ல படம். கூடையின் கயிறு நெற்றியில் அழுந்தியிருக்க, எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்திருந்தார்.

மூன்று நாள் வேலை ஆறு நாளாகவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் எஸ்டேட்டே கைமாறியது. வாங்கிய கம்பெனி அங்கே சொகுசு விடுதி கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. கம்பெனியின் ஆள் விஜயபாஸ்கர் ஒருநாள் மேலே வந்தார். டீ வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். இதுவரை செய்த வேலைகளைக் காட்டச் சொன்னார்.

ஏகநாதன் தன் இணையப் பக்கத்தைத் திறந்தான். பதினோரு பெயர்கள் வரிசையாக இருந்தன. முதல் பெயரை அழுத்தினான், திறக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. ஃபேக்டரி மூடியவர்கள் தளத்தைப் புதுப்பிக்கவில்லை. லைன் சரியில்லை என்று பொய் சொல்லிக்கொண்டே நான்கைந்தை அழுத்தினான்.

“நீங்க செஞ்சு கொடுத்தா கடையச் சாத்திருவாங்க போலிருக்குதுங்களே” என்றார் விஜயபாஸ்கர், சிரித்துக்கொண்டு.

கடைசியில் எஸ்டேட் தளம் திறந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “இந்தம்மா படம் பிரமாதமுங்க. இதையே எங்க விடுதிக்கும் முகப்பா வெச்சிரலாம்.”

நான் ஏகநாதனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. “வெச்சிரலாமுங்க” என்றான்.

அவர் போனபின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம் என்றான். நாலு மாதமாக அவனுக்கு வேறு வேலையே இல்லை. பத்து நாளில் விடுதித் தளத்தை முடித்துக் கொடுத்தான். அஞ்சலையம்மாவின் முகத்துக்குக் கீழே, உங்களை வரவேற்கிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அடுத்த மாதம் அஞ்சலையம்மா குடியிருந்த தொழிலாளர் லயத்துக்கு நோட்டீஸ் வந்தது. லைன் வீடுகளை இடித்துவிட்டுக் காட்டேஜ் கட்டப்போகிறார்கள், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். இருபத்தேழு வருடம் இருந்த வீடு. ஏகநாதன் விஜயபாஸ்கரைத் தேடிப்போனான். படத்தில் இருப்பது தன் அம்மா என்று அப்போதுதான் சொன்னான். சமையலறையிலோ தோட்டத்திலோ ஒரு வேலை கொடுத்து, ஒரு மூலையில் தங்கவிடுங்கள் என்று கேட்டான்.

விஜயபாஸ்கர் கோபப்படவில்லையாம். உண்மையாகவே வருத்தப்பட்டாராம். “மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? வேற படம் போட்டிருப்போமே” என்றார். பிறகு ஏதாவது வழக்கு, வம்பு வருமோ என்று யோசித்து, அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னார். பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துப் புதுக் கூடை மாட்டிப் படம் பிடித்துக் கொடுத்தார்கள். அதையும் ஏகநாதன்தான் மாற்றினான். அன்று வெகுநேரம் என் லைன் அவனிடமே இருந்தது. ஆள் வந்தும் நான் கூரையைத் தட்டவில்லை.

கேட்டாயா, என்ன சொன்னார்கள் என்று அம்மா விசாரித்ததற்கு, முடியாது என்றுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னானாம்.

அஞ்சலையம்மா ஊட்டிக்கு அந்தப் பக்கம் எமரால்டு கிராமத்துக்குப் போய், ஒரு தோட்டக்காரரின் கொட்டகையில் தங்கி, கேரட் கழுவும் வேலையில் சேர்ந்தார். ஏகநாதன் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனான். அறையைக் காலி செய்த அன்று, அங்கே இணையதள வேலை கிடைக்காதா என்று கேட்டேன். “காட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்களேண்ணா” என்றான்.

இரண்டு வருடம் கழித்து ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அஞ்சலையம்மாவைப் பார்த்தேன். மகனோடு போய் இருக்கக் கூடாதா என்று கேட்டேன். போய்ப் பதினைந்து நாள் இருந்து பார்த்தாராம். “அந்த வெக்கையில என்னால ஏலாது தம்பி” என்றார். தண்ணீரில் ஊறி விரல் நுனிகளெல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. மகன் வந்து பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். எப்போது வந்தான் என்று நான் கேட்கவில்லை.