அக்காவுக்கு நான் ஜாமீன்

போன மாதம் அலோர் ஸ்டாரில் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதாகிவிட்டது. மெர்கோங்கில் என் பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ அடிதடியில் மாட்டிக்கொண்டான். அவன் அம்மாவுக்குத் துணையாகப் போனேன். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்து, "நீங்க ஜாமீனா, சாட்சியா பாட்டி?" என்று கேட்டார். சொன்னால் சிரிப்பீர்கள், மூன்றாம் வகுப்புப் படிப்பு எனக்கு. இரண்டுக்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

"சும்மா தலையாட்டாதீங்க லா, உங்களயும் புடிச்சு உள்ள வச்சிருவாங்க!" என்று சிரித்துவிட்டு விளக்கினார். "சாட்சி வடமொழிச் சொல்லு. அதுக்குள்ள கண்ணு இருக்கு. கண்ணால பாத்தவங்க. ஜாமீன் அரபுலேருந்து வந்தது, மலாய்லயும் அதேதான். ஆளு வராட்டி அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டியவங்க."

அவர் கோட்டில் அந்துருண்டை வாசம் அடித்தது. அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவும் அந்த வாசத்தோடுதான் பெரட்டுக் களத்துக்கு வருவார். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மண்டோர். காலையில் அந்தக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆள்களை வேலைக்குப் பிரிப்பவர். ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையும் அவரிடம் வந்தது.

அதில் மாட்டாமலிருக்க அப்பா ரப்பர் காட்டில் ஒளிந்துகொண்டார். இடம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். மாமா எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"மூணு மாசம்தான்க்கா. மச்சான் திரும்பி வராட்டி அவருக்குப் பதிலா நான் போறேன். நான் ஜாமீன், போதுமா?"

கூடப் பிறந்தவன் சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது? அம்மாவே போய் அப்பாவைக் கூட்டிவந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் துணியில் முடிந்து கொடுத்து லாரி ஏற்றினோம்.

மூன்று மாதம் தாண்டியும் அப்பா வரவில்லை. கூடப் போனவர்களில் ஒருவர் மட்டும் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அப்பாவைக் காய்ச்சலோடு அங்கே ஒரு கொட்டகையில் விட்டுவந்ததாகச் சொன்னார். அம்மா மாமா வீட்டுக்கு ஓடினாள், பின்னாலேயே நானும்.

"போய்க் கூட்டிட்டு வாடா தம்பி."

மாமா கோட்டுப் பொத்தானைத் திருகினார். "மூணு மாசம்னு அவங்க சொன்னாங்க, நான் கேட்டேன். அதுக்கு நான் சாட்சி, அவ்வளவுதான்க்கா."

ஜப்பான்காரன் போன பிறகு நான் பெரியவளானேன். குச்சு கட்டுவது தாய்மாமன் கடமை. பச்சைத் தென்னோலையோடு மாமா வந்து நின்றார். அம்மா கதவைத் திறக்கவில்லை.

"ஜாமீன் நின்ன தம்பி வரட்டும், தொறக்கிறேன். சாட்சிக்கு இங்க என்னடா வேல?"

இப்போது தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம் இல்லை, செம்பனை மரங்கள்தான். அம்மா இல்லை, மாமாவும் இல்லை. சயாமுக்கு இன்று பிள்ளைகள் பஸ் பிடித்துச் சுற்றுலாப் போய்ச் சாமான் வாங்கி வருகிறார்கள். அப்பா கிடந்த கொட்டகை எந்த இடம் என்று பார்த்துவர மட்டும் கடைசிவரை யாரும் போகவில்லை.