அவளுக்கு நாங்கள் செய்த மரியாதை

மூன்று வருஷத்துக்கு முன்னால், தசரா முடிந்த மறு வாரம். மைசூர் விஜயநகரில் ஒரு கல்யாண மண்டபம். அங்கேதான் எங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழா நடந்தது. அன்று செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. மற்றவர்கள் மேலும் வருகிறது. என் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

மனநோய் வந்தவர்களுக்கும் ஆதரவு இல்லாதவர்களுக்கும் வேலை செய்யும் நிறுவனம் எங்களுடையது. நான் அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்தவள். படிப்பு ஏழாவது வரை. ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரம் பக்கம், அதனால் தமிழும் கன்னடமும் பேசுவேன். நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்த்து மாத்திரை கொடுத்து வர ஒரு நாள் ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். அதற்கப்புறம் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பவே இல்லை. இருபது வருஷத்தில் வீடு வீடாகப் போகும் அந்தத் திட்டம் முழுவதும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. எனக்குக் கீழே எட்டுப் பெண்கள். எல்லோரும் பட்டம் படித்தவர்கள். ரிப்போர்ட் அவர்கள் எழுதுவார்கள். எந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று நான் சொல்லிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அன்று நாங்கள் மேடை ஏற்றிய பெண்ணை நான் முதலில் பார்த்தது அவளுடைய அண்ணன் வீட்டில், விழாவுக்கு ஏழு வருஷம் முன்னால். பின்பக்க அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். காதில் யாரோ பேசுகிறார்கள் என்பாள். புருஷன் வீட்டில் கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு இவளை அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைக் கண்டால் விசிறி அடிப்பாள். நான் தினமும் போய் அந்த அறை வாசலில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேச மாட்டேன். நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் அவளாகக் கையை நீட்டினாள்.

அங்கிருந்து மெள்ள மெள்ள எழுந்து வந்தாள். மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. தனியாக ஒரு அறை எடுத்தாள். மூன்று வருஷம் ஒழுங்காக வேலைக்குப் போனாள். அதைப் பார்த்துத்தான் புருஷன் வீட்டில் இறங்கி வந்தார்கள். விழா நடந்த வருஷம் ஜூன் மாதம் எட்டு வயது மகளை அவளோடு அனுப்பினார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை. "வேலை இருக்கற வரைக்கும் புள்ளை உன்கிட்ட. வேலை போச்சுன்னா அன்னிக்கே கூட்டிட்டு வந்துருவோம்." நானும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் விழாவில் வருஷா வருஷம் குணமான ஒருவரை மேடையில் ஏற்றுவோம். சால்வை, மாலை, பழத்தட்டு, தலையில் மைசூர் பேட்டா. ஜரிகை வைத்த அந்தத் தலைப்பாகையை இந்த ஊரில் பெரிய மனுஷர்களுக்குத்தான் வைப்பார்கள். எல்லோரும் விரட்டிவிட்ட ஆட்களுக்கு அந்த மரியாதை கிடைக்கட்டும் என்று யோசனை சொன்னதே நான்தான்.

அந்த வருஷம் யார் என்று எங்கள் மேடம் கேட்டார். மேடம்தான் நிறுவனத்துக்குத் தலைமை. நான் இவளைச் சொன்னேன். சம்மதப் பாரத்தை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"எல்லார் முன்னாடியுமாக்கா?"

"ஆமா கண்ணு. உனக்கு மரியாதை பண்றாங்க."

"பேப்பர்ல வருமாக்கா?"

"வந்தா நல்லதுதானே."

பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிக்கா" என்று கையெழுத்துப் போட்டாள். பேப்பரில் வருமா என்று ஆசையில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். இருபது வருஷ அனுபவம்!

விழாவில் அவளை மேடையில் உட்கார வைத்தார்கள். மைக் பிடித்த பெண் அவள் கதையைப் படித்தாள். பூட்டி வைத்தது, துணியைக் கிழித்தது, தன் குழந்தையையே யார் என்று கேட்டது, எல்லாம் படித்தாள். நான் சொல்லச் சொல்ல என் பெண்கள் ஃபைலில் எழுதியவைதான். நன்றாகவே எழுதியிருந்தார்கள். மண்டபம் கை தட்டியது. விருந்தாளி ஒருவர் எழுந்து நின்று தட்டினார். அவள் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"எங்கம்மாவைப் பூட்டியா வெச்சிருந்தாங்க?" என்று கேட்டது.

"அதெல்லாம் அப்போ" என்றேன். வேறு என்ன சொல்வது? மேடையில் அவள் பேட்டா சரியாமல் இருக்கத் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் மகளைத் தேடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கன்னடப் பேப்பரில் படம் வந்தது. ஆபீஸில் அதை வெட்டிப் போர்டில் ஒட்டினார்கள். அதே பேப்பர் அந்தக் கேன்டீனுக்கும் போகும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வேலை போய்விட்டது. எனக்கு அது நாலு நாள் தெரியாது. அவள் போன் செய்யவே இல்லை. மாத்திரை கொண்டுபோன பெண்தான் வந்து சொன்னாள். ஓடினேன். ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன்.

"நீங்க ஆசையாப் பண்ணீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்க்கா" என்றாள்.

மகள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. ஊரில் புருஷன் வீட்டுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் மறு பஸ்ஸில் வந்து கூட்டிப் போவார்கள். அவள் அதைச் சொல்லக்கூட இல்லை. நான்தான் அந்த நிபந்தனையைக் காதால் கேட்டவள் ஆயிற்றே.

மறுநாள் டாக்டர் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு கேன்டீன் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனேன். இவள் நலமாக இருக்கிறாள், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், எந்த வேலையும் செய்யலாம் என்று எழுதியிருந்தது. அவர் இரண்டு தரம் படித்தார்.

"மாத்திரை சாப்பிடறான்னு நீங்களே எழுதிக் கொடுக்கறீங்களே" என்றார்.

"சாப்பிடறதாலதான் நல்லா இருக்கா."

"நோடம்மா, இங்க பாரும்மா, நான் கெட்டவன் இல்லே. இங்க கத்தி இருக்கு, கொதிக்கிற எண்ணெய் இருக்கு. நாளைக்கு ஏதாச்சும் ஆனா?"

"மூணு வருஷத்துல ஏதாச்சும் ஆச்சா?"

"ஆகலே."

"அப்புறம் என்ன?"

"அப்போ எனக்குத் தெரியாதில்லம்மா" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா! மூன்று வருஷம் அவள் நறுக்கிய காயைத் தின்ற மனுஷன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "பேட்டா வெச்சு மரியாதை பண்ற அளவுக்குன்னா பெரிய வியாதியாத்தானே இருந்திருக்கும்?"

அந்தப் பேட்டாவை வைக்கச் சொன்னவள் நான்.

ஆபீஸுக்குத் திரும்பி மேடத்திடம் சொன்னேன். மேடம் ஃபைலை எடுத்துச் சம்மதப் பாரத்தைக் காட்டினார். "கையெழுத்து இருக்கு. சட்டப்படி நம்ம மேல தப்பு இல்லை" என்றார். அவள் வேலை போனதைச் சொல்ல வந்தால் எங்கள் மேல் தப்பு இல்லை என்று பதில் வருகிறது. "வேணும்னா நம்ம ஆபீஸ்லயே பெருக்கற வேலை போட்டுக் கொடுக்கலாம்" என்றும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எங்களை விட்டு வெளியே போய் மற்ற மனுஷர்களோடு பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனவள் அவள். அவளை மறுபடி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதா? கேட்டால் அதற்கும் "சரிக்கா" என்பாள். அதனால் நான் கேட்கவே இல்லை.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அவளோடு வேலை செய்யும் பெண்களில் யாராவது இவள் நல்லவள், பயப்பட ஒன்றும் இல்லை என்று காண்ட்ராக்டரிடம் சொன்னால் போதும். மத்தியான ஷிப்ட் முடிந்து அவர்கள் நிற்கும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஆறு பேர் வந்தார்கள். மூத்தவளுக்கு என் வயது இருக்கும். தமிழ்ப் பெண்தான். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த ஆபீஸ் அம்மா?"

ஆமாம் என்றேன். இவளுக்கு வந்த வியாதியைப் பற்றிப் பக்குவமாக ஆரம்பித்தேன். எத்தனையோ வீட்டில் பேசின பேச்சு. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்களுக்கு நீங்க பாடம் நடத்த வேண்டாம். சேர்ந்த மறு வாரமே அவளே சொல்லிட்டா. ராத்திரி மாத்திரை போட்டா காலையில கண்ணு தொறக்க மாட்டேங்குதுன்னு. அதான் அவளுக்கு வர்ற ஆறு மணி ஷிப்ட்டை நாங்க மாத்தி மாத்தி எடுத்துக்கறோம். மூணு வருஷமா."

இன்னொரு பெண், "அந்த ஆளுக்கு மட்டும்தான் சொல்லலை. சொல்லக் கூடாத ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியலையே" என்றாள் மூத்தவள். "அவ யார்கிட்ட சொல்லணும்னு பார்த்துப் பார்த்துச் சொல்லி வெச்சிருந்தா. நீங்க தமுக்கு அடிச்சிட்டீங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். நடுரோட்டில் என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எட்டுப் பெண்கள், ஒரு வேன், இத்தனை ஃபைல் வைத்துக்கொண்டு நாங்கள் செய்யும் வேலையை, ஈர முந்தானையோடு நிற்கும் ஆறு பேர் செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் செய்தார்கள். அதனால்தான் அது நிலைத்தது.

அடுத்த நாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. காலையில் ஆறு பேரும் வெங்காய மூட்டைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். ஒருத்தியும் கத்தியைத் தொடவில்லை. காண்ட்ராக்டர் கத்தினாராம், கெஞ்சினாராம். சாப்பாட்டு மணி அடிக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது இறங்கி வந்தார். அவள் வரலாம், ஆனால் கத்தி தரக் கூடாது, பாத்திரம் கழுவட்டும் என்றார். மூத்தவள் எனக்குப் போன் செய்தாள்.

"நாளையிலிருந்து வேலைக்கு வருவா. நீங்க தயவு பண்ணி இந்தப் பக்கம் வராதீங்க."

நான் போகவில்லை. ஒரு வாரம் பாத்திரம் கழுவினாள். அப்புறம் காண்ட்ராக்டர் முதுகைத் திருப்பினதும் இவர்கள் கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். ஒரு மாதத்தில் அவரும் கண்டுகொள்வதை விட்டுவிட்டார். மகள் அவளோடுதான் இருக்கிறது. ஊருக்கு விஷயம் கடைசிவரை போகவில்லை.

ஆபீஸில் நான் சண்டை போட்டேன். இனி யாரையும் மேடையில் ஏற்றக் கூடாது என்றேன். அப்படியானால் நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்று மேடம் கேட்டார். "என்னைக் காட்டுங்க" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் மேடையில் யாரும் ஏறவில்லை. அதற்கடுத்த வருஷம் புது ஆட்கள் வந்து, மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார்கள். சம்மதப் பாரத்தை என் மேஜையில் வைத்தார்கள். நான் கொண்டுபோகவில்லை. இந்த வருஷமும் வைத்திருக்கிறார்கள். கொண்டுபோக மாட்டேன். என்னை வேலையை விட்டு எடுக்கட்டும்.

போன மாதம் அவளை ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்தேன். இப்போதெல்லாம் அவளே வந்து மாத்திரை வாங்கிக்கொள்கிறாள். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று சிரித்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். கேட்டால் "பரவாயில்லைக்கா" என்றுதான் சொல்வாள். என்னிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை. அது வருகிறவரை, அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிக்கொள்ளக்கூட எனக்கு உரிமை இல்லை.