பெடலில் ஒட்டிய பொட்டுகள்

எங்கள் அத்தையின் ஸ்டிக்கர் பொட்டுகள் அவள் நெற்றியில் இருந்ததைவிட மாமாவின் கிட்டார் பெடல்களில் இருந்ததே அதிகம். அவற்றை ஒட்டியது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் என்னை மிஞ்சிப் பொட்டு ஒட்ட ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஆறு நாள் கம்பெனி பஸ் ஏறி, ஒரகடம் பக்கம் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலைக்குப் போவார். ஞாயிறும் முகூர்த்த நாளும் வந்தால் ஆர்கெஸ்ட்ராவில் எலெக்ட்ரிக் கிட்டார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் இந்த மனுஷன் தள்ளுகிறார் என்று அத்தை குறைபடுவாள். அது உண்மைதான்.

அவரிடம் உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஓவர்டிரைவ் பெடல்கள் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். கிட்டாரின் ஒயர் முதலில் பச்சைக்குள் போகும், அதிலிருந்து மஞ்சளுக்குள் போகும், அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகும். பச்சையை மட்டும் காலால் மிதித்தால் ஒலி லேசாகக் கரகரக்கும், அது மெலடிக்கு. மஞ்சளை மட்டும் மிதித்தால் குத்துப் பாட்டுக்கு ஏற்ற முரட்டுச் சத்தம். இரண்டையும் சேர்த்து மிதித்தால்தான் மாமாவின் சொத்து வெளியே வரும். ஒரே சுரம் அறுந்துபோகாமல் நாதஸ்வரம் போல நீளும். அதற்காகவே அவரை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்.

“பச்சை உப்பு, மஞ்சா காரம் பாப்பா. ரெண்டும் அளவா சேந்தாதான் ருசி. ஒண்ணு தூக்கலா பூட்ச்சின்னா எவனும் வாயில வெக்க மாட்டான்” என்பார்.

ஒவ்வொரு பெடலிலும் மூன்று திருகுகள். சத்தத்துக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று. மூன்றாவது டோன். அதை வலப்பக்கம் திருகத் திருக ஒலி கூர்மையாகிக்கொண்டே போகும். எந்தப் பாட்டுக்குத் திருகு எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத்தான் பொட்டு. மெலடிக்குச் சிவப்பு, குத்துக்கு நீலம், நாதஸ்வரத்துக்குக் கறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா கொஞ்சம் திருகுவார், கொஞ்சம் வாசிப்பார், பிறகு என்னைக் கேட்பார்: “இன்னா பாப்பா, எப்டி கீது?” தீர்ப்புச் சொல்வது என் வேலை. நான் சொல்லும்போது அவர் என் வாயையே பார்ப்பார். சோற்றுப் பருக்கை ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று நான் துடைத்துக்கொள்வேன்.

ஆரம்பத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். “காதுல குத்துது மாமா.” உடனே டோனைக் குறைப்பார். மறுபடி வாசித்துவிட்டு, “இப்ப ஒண்ணுமே எடுபடலியே” என்று பழைய இடத்தையும் தாண்டித் திருகுவார். குத்துகிறது என்று நான் திரும்பவும் சொன்னால், “உன் காதுல அழுக்கு கீது. உங்கம்மாவாண்ட சொல்லி எடு” என்று சிரிப்பார். ஒரு ஞாயிறு அவர் சிரிக்கவில்லை. கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

அன்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “வாரத்துல ஒரு நாள்தான் அவன் சிரிச்சிக்கினு கீறான். நல்லா கீதுன்னு சொன்னா உன் வாயில கீற முத்து உதிர்ந்துடுமா?”

முத்து உதிரவில்லை. அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் “நல்லா கீது மாமா” மட்டும்தான். சொன்னால் சீக்கிரம் விளையாடப் போகலாம் என்பதும் ஒரு வசதி. கறுப்புப் பொட்டை மட்டும் மாதத்துக்கு ஒரு முறையாவது பிய்த்து, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஒட்டச் சொல்வார். ஒட்டினேன்.

அப்படியிருக்கும்போது என் தம்பிக்குக் காது குத்தினார்கள். மண்டபத்தில், பட்டப்பகலில், தாய்மாமன் மடியில். ஊசி இறங்கியதும் தம்பி போட்ட கத்தலில் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாமா மட்டும் முகம் மாறாமல் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். “மாமன்காரனுக்கு மனசு கல்லுடா” என்று யாரோ கேலி செய்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பந்தி ஆரம்பித்ததும் மாமாவின் ஆர்கெஸ்ட்ரா மேடையேறியது. நான் மேடைக்குக் கீழே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியைக் கவனிக்கும் சவுண்டு சர்வீஸ் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா வாசிக்க ஆரம்பித்தார். வீட்டில் குத்தியது மண்டபத்தில் கிழித்தது. எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல ஒரு கீச்சொலி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாடுகிறவர் இரண்டு முறை சைகை காட்டினார். மாமா கண்ணை மூடியிருந்தார்.

மூன்றாவது பாட்டில், தண்ணீர் எடுக்கப் போன பாடகி அக்காவின் கால், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் சிக்கியது. மஞ்சள் பெடலில் இருந்து பிளக் பிடுங்கிக்கொண்டு டப்பென்று விழுந்தது. சவுண்டு அண்ணன் சட்டென்று மிக்சரில் கிட்டார் சத்தத்தை முழுக்க இறக்கினார். பாட்டு நிற்கவில்லை, கீபோர்டு பார்த்துக்கொண்டது. மாமாவிடம் சொல்லலாம் என்று நான் எழுந்தேன்.

“வுடு பாப்பா. இப்பதான் காதுக்கு எதமா கீது. ஜனம் நிம்மதியா துண்ணட்டும்” என்றார் சவுண்டு அண்ணன்.

மேடைக்கு ஐந்தடி தூரம்கூட இல்லை. மாமா இரண்டு பெடல்களையும் மிதித்தார். இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. கழுத்தை வளைத்து, தன் நாதஸ்வரத்தை இழுத்து இழுத்து வாசித்தார். அவரிடமிருந்து ஒரு பொட்டுச் சத்தமும் வரவில்லை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். போய்ச் சொன்னால் அவர் மனம் நோகும் என்று நினைத்தேன். எனக்கும் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு பாட்டு அப்படியே வாசித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

முடிந்ததும் பெடல்களை எடுக்கக் குனிந்தவர், ஒரு முழம் தள்ளிக் கிடந்த பிளக்கைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்தார். பிறகு என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

“கடைசிப் பாட்டு எப்டி இருந்துச்சி பாப்பா?” வழக்கம்போல என் வாயையே பார்த்தார்.

“சூப்பரா இருந்துச்சி மாமா. நாதஸ்வரம் மாதிரியே இழுத்துச்சி.”

“செரி” என்றார். ஒயரை முழங்கையில் சுற்றிக் கட்டினார். என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கம்பெனியில் ஓவர்டைம் என்று ஆர்கெஸ்ட்ராவை விட்டார். கிட்டாரை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு வாரம் கோபம், அவ்வளவுதான். தகடு அடிக்கும் இரைச்சலில் அவருக்கு இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய மேலும் இரண்டு வருடம் ஆனது. இப்போது டிவியை எழுத்து ஓடவிட்டுப் பார்க்கிறார்.

போன போகிக்கு அத்தை பரணை ஒழித்தபோது பெடல் பெட்டி கிடைத்தது. பொட்டுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. பசைத் தடம் மட்டும் போகவில்லை. டோன் திருகைச் சுற்றி, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, வலப்பக்கமாக ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று இறங்கி, அதற்கு மேல் திருக முடியாத இடத்தில் போய் நின்றிருந்தது. அவர் காது போய்க்கொண்டிருந்ததை மாதாமாதம் குறித்துவைத்தது போல இருந்தது. ஒவ்வொன்றையும், நல்லா கீது மாமா என்று சொல்லி, என் விரலாலேயே அழுத்தி ஒட்டியிருக்கிறேன். பரணடியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாமா கேட்டது பாட்டைப் பற்றி இல்லை. இனித் தன் காதை நம்ப முடியாது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. என் வாயையாவது நம்பலாமா என்று கேட்டிருக்கிறார். ஒன்பது வயதில் அது எனக்குப் புரியவில்லை. மாமா மனம் நோகாமல் பேசிவிட்டேன் என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பந்தியிலிருந்து எனக்கு இன்னொரு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாள்.