வில்ஃபின் பச்சை சைக்கிள்

பதினாறு வயதில் வில்ஃப் கிரீன்வுட்டுக்குக் கிடைத்த முதல் சைக்கிள், தபால்காரரான சித்தப்பா ஓட்டித் தேய்த்த ஒரு கறுப்பு ராலி. செயினை முழுக்க மூடிய தகரப் பெட்டி, கம்பியால் இழுக்கும் பிரேக், பெரியவர்கள் உட்கார்ந்தே தூங்கிவிடக்கூடிய தோல் சீட்டு. கனமென்றால் அப்படியொரு கனம். ஹெப்டன் பிரிட்ஜ் என்ற அந்த இங்கிலாந்து மலையூரில் வீட்டு வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றம்தான். ஆனாலும் அந்த வண்டி அவனை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. அதற்காக அவன் அதை ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை.

தறிப் பட்டறையில் ஃபிட்டராகி நாலு காசு சேர்ந்த பிறகு, பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸில் எர்னி பாட்டம்லி என்பவரிடம் இரண்டாவது சைக்கிளைச் செய்துகொண்டான். சட்டைக்கு அளவெடுப்பதுபோல எர்னி அவன் கையையும் காலையும் முதுகையும் அளந்தார். குழாய்கள் சேரும் இடங்களை அரத்தால் ராவி இலை நுனிபோலக் கூராக்கினார். பச்சை ஆப்பிளின் நிறத்தில் பெயிண்ட் அடித்தார். வண்டியை இரண்டு விரலால் தூக்கிவிடலாம்.

வெள்ளிக்கிழமை மாலை என்றால் சமையலறை மேஜையில் செய்தித்தாள் விரித்து, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவான். ஒவ்வொரு நட்டையும் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்குவான்.

"உன் சட்டைக் காலரை இப்படி ஒருநாள் துடைச்சிருக்கியாடா?" என்பாள் அம்மா.

ராலி அவன் தங்கை ஐரிஸுக்குப் போனது. கம்பளி ஆலையில் துணியில் விட்டுப்போன இழையைக் கண்டுபிடித்துக் கோக்கிற வேலை அவளுக்கு. பத்தொன்பது வயது, அண்ணனுக்குச் சமமான உயரம், கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான நாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெப்பிள் சைக்கிள் சங்கத்தோடு கிளம்பி, அந்த இரும்பு மலையை மிதித்துக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வருவாள். வந்து சேர்ந்துவிடுவாள் என்பதுதான் முக்கியம். ஆனால் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. தேநீர் போடலாம், ரொட்டி வெட்டலாம், ஆண்டு விருந்தில் கைதட்டலாம்.

ஐரிஸுக்கு அது பொறுக்கவில்லை. தன்னையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று ஒருநாள் கூட்டத்திலேயே கேட்டுவிட்டாள். சங்கத் தலைவர் ஹொரேஸ் லம், அவர்களுடைய அப்பாவின் பழைய நண்பர். பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, மலையில உனக்குக் கால் வலிச்சு உக்காந்துட்டேன்னு வை. உன் சைக்கிளை யாரு தள்ளிக்கிட்டு வர்றது?"

"போன ஞாயித்துக்கிழமை உங்க சைக்கிளை யாரு தள்ளிக்கிட்டு வந்தா, ஹொரேஸ் மாமா?"

கூடம் அதிரச் சிரித்தது. ஹொரேஸும் சிரித்துவிட்டார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். யார்க் பக்கம் நடக்கும் பெண்கள் பந்தயத்தில் இருபத்தைந்து மைலை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஓட்டினால் சங்கத்தின் பேட்ஜ் அவளுக்கு. ஒரு விநாடி பிந்தினாலும் இந்தப் பேச்சையே மறுபடி எடுக்கக் கூடாது.

"ராலியில முடியாது" என்றான் வில்ஃப் வீட்டுக்கு வரும் வழியில். "என்னோடதை எடுத்துக்க."

ஐரிஸ் நின்றுவிட்டாள். "பச்சையையா? நான் அதைத் தொட்டாலே நீ துணியெடுத்துத் தொடைப்பியே!"

"இப்பவும் தொடைப்பேன். நீ ஓட்டு."

பச்சை வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் உண்டு. பெரியது ஏற்றத்துக்கு, மிதிக்க லேசாக இருக்கும். சின்னது சமதளத்துக்கு, மிதிக்கக் கடினம், ஆனால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். கியர் மாற்ற வேண்டுமென்றால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். ஐரிஸ் வசந்தகாலம் முழுக்க லேசான பக்கத்தில்தான் பழகினாள். பந்தயத்துக்கும் அதுவே என்று இருவரும் முடிவுசெய்திருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் கிளம்பினார்கள். சர்க்கரைக்கு இன்னும் ரேஷன் இருந்த காலம். அம்மா தன் பங்கையும் போட்டு இஞ்சிக் கேக் செய்து கட்டிக் கொடுத்திருந்தாள். பந்தயச் சக்கரங்கள் மெல்லியவை, சாதாரண ரோட்டில் ஓட்டி வீணாக்க முடியாது. அதனால் அவை இரண்டையும் முன்சக்கரத்தின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு போவது வழக்கம். பார்த்தால் சைக்கிளுக்குப் பெரிய மூக்குக்கண்ணாடி போட்டதுபோல இருக்கும். ஐரிஸ் அப்படிப் பச்சையில் முன்னால் போக, வில்ஃப் ராலியில் மூச்சிரைக்கப் பின்னால் போனான்.

பண்ணைவீடு ஒன்றில் தங்கி, விடிந்ததும் பந்தய இடத்துக்கு வந்தார்கள். மேற்கிலிருந்து நல்ல காற்று. பாதிதூரம் காற்றுக்கு எதிரே போய்த் திரும்பி வர வேண்டும். வில்ஃப் சாலையோரப் புல்லில் உட்கார்ந்து சக்கரங்களை மாற்றினான். செயினின் இழுவையைப் பார்த்தான், கையால் திருகும் இறக்கை நட்டை முறுக்கினான், மறுபடி ஒருமுறை முறுக்கினான். நேரம் பார்ப்பவர் எண்ணி முடிக்க, சீட்டைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார். ஐரிஸ் கிளம்பினாள்.

நூறு கஜம் போவதற்குள் வில்ஃப் கவனித்துவிட்டான். அவள் கால்கள் மிக மெதுவாகச் சுற்றின. பழக்கதோஷத்தில், தான் பந்தயம் ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தின் பக்கமே போட்டுவிட்டிருந்தான்! ஒரு நட்டைக்கூட இடம் மாற்றி வைக்காதவன், சக்கரத்தையே மாற்றிப் போட்டுவிட்டான்.

பின்னால் போய்த் திருப்பிப் போட்டுக் கொடுக்கவும் வழியில்லை. வெளியாள் கை வண்டியில் பட்டால் அவளை நீக்கிவிடுவார்கள். குறுக்குப் பாதை ஒன்று பாதிவழித் திருப்பத்துக்கு அருகே போய்ச் சேரும். ராலியை அந்த வழியே மிதித்தான். அந்த இரும்பும் அன்று அவனுக்காக ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவன் போய் நின்றபோது ஐரிஸ் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு எழுந்து நின்று மிதித்து வந்தாள். முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது.

"கியர் தப்பு, ஐரிஸ்! என் தப்புதான்!"

"தெரியுது! தொடையைக் கேட்டுப் பாரு!"

"திருப்பத்துல எறங்கி நீயே மாத்திப் போடு! கையாலயே கழட்டலாம், ஒரு நிமிஷந்தான்!"

அவள் திருப்பத்தில் நின்ற ஆளைச் சுற்றி வந்தாள். இறங்குவாள் என்று வில்ஃப் காத்திருந்தான். அவள் இறங்கவில்லை. சுற்றியதும் காற்று அவள் முதுகுக்கு வந்தது.

"இனிமே இதுதான்டா சரியான கியர்!" என்று கத்திக்கொண்டே அவனைத் தாண்டினாள். லேசான கியராக இருந்தால் அந்த வேகத்துக்குக் கால் சுற்றியே ஓய்ந்திருக்கும். இப்போதோ ஒவ்வொரு மிதிக்கும் சாலை மடமடவென்று பின்னால் போனது. பச்சை நிறம் வேலியோரம் ஓடிச் சிறுத்து மறைந்தது.

முடிவிடத்துக்கு வில்ஃப் வந்து சேர்ந்தபோது அவள் புல்லில் மல்லாந்து கிடந்தாள். கேட்கப் பயந்துகொண்டு வண்டியையே பார்த்தபடி நின்றான்.

"அதுக்கு ஒண்ணும் ஆகல. என்னைக் கேளேன்!"

"சரி, சொல்லு."

"இருபது விநாடி மிச்சம்."

வில்ஃப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

பண்ணைவீட்டில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் பெரிய குவளைகளில் தேநீரும் வந்தன. பந்தயம் பார்க்க வந்திருந்த ஹொரேஸ் பேட்ஜையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை ஐரிஸின் சட்டையில் தானே குத்திவிட்டு, குனிந்து பச்சை வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"இந்தப் பல்லுலயா அந்தக் காத்துல போன? எந்தக் கிறுக்கன் இதை மாட்டினது?"

வில்ஃப் குவளையைக் கீழே வைத்து வாயைத் திறந்தான்.

"நான்தான் மாட்டச் சொன்னேன், மாமா" என்றாள் ஐரிஸ். "திரும்பி வரும்போது காத்து உதவும்னு தெரியாதா? அந்த ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளுங்க. உறுப்பினருக்குப் பசிக்குது."

அந்தக் குளிர்காலத்தில் வில்ஃப் மறுபடி எர்னி பாட்டம்லியிடம் போய்த் தனக்கொரு புது வண்டிக்கு அளவு கொடுத்தான். பச்சை வண்டியை அவளும் கேட்கவில்லை, அவனும் தருவதாகச் சொல்லவில்லை. பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமையே அவள் அதில் ஏறி ஆலைக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான். அடுத்தடுத்த வருடங்களில் அவள் வாங்கிவந்த கோப்பைகளை வரிசை தவறாமல் துடைத்து அடுக்கியவன் வில்ஃப்தான். யாராவது பாராட்டினால் "எங்க ஐரிஸு!" என்பான். சக்கரம் மாற்றிக் கொடுக்கும் வேலையை மட்டும் ஐரிஸ் அவனிடமே விட்டுவைத்தாள். ஒவ்வொரு முறையும் குனிந்து எந்தப் பக்கம் என்று தானே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"நல்லாப் பாரு, நல்லாப் பாரு" என்று சந்தோஷமாக நகர்ந்து வழிவிடுவான் அவன்.