வெண்ணிலா விசாரித்த நாலு சாட்சிகள்

உங்கள் வீட்டில் பட்டுத்துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே ஒரு புனித நூல், அதை எழுதியது யார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? எந்தச் சாமியின் நூலாகவும் இருக்கட்டும். கேட்டிருக்க மாட்டீர்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் கை போகும், பிரித்துப் பார்க்கப் போகாது. கொட்டாங்காட்டு வெண்ணிலா பிரித்துப் பார்த்தாள். கேட்கவும் கேட்டாள். அதனால்தான் இந்த மார்கழியில் அவள் தோட்டத்துக் காப்பிப் பழம் பறிக்க ஆளில்லாமல் மண்ணில் உதிர்ந்து கிடக்கிறது.

மஞ்சக்குட்டையில் ஜீப்பை விட்டு இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் வரும் சின்ன ஊர் கொட்டாங்காடு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வெண்ணிலாவை அங்கே சிவக்குமாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். படிப்பை நிறுத்த முடிந்ததே தவிர, வாசிப்பை நிறுத்த யாராலும் முடியவில்லை. உர மூட்டை, பூச்சிமருந்து டப்பா, போண்டா சுற்றி வந்த காகிதம், எழுத்து இருந்தால் போதும், நின்று படித்துவிட்டுத்தான் நகர்வாள்.

போன ஐப்பசியில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பாஸ்டர் ஜெப்சன் அவள் கையில் ஒரு புதிய ஏற்பாட்டைத் திணித்தார். தகரக் கொட்டகையில் ஜெபக்கூடம் நடத்துகிறவர். இலவசமாகக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். அந்த வாரம் மலையில் அடைமழை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. வெண்ணிலா முதலில் இருந்த மத்தேயுவை முடித்தாள். மாற்குவைத் தொடங்கி நாலைந்து பக்கம் போனதும் புத்தகத்தை மூடினாள். மழை விட்டதும் ஜெபக்கூடத்துக்குப் போய் நின்றாள்.

"ஏனுங்க பாஸ்டருங்க, இந்தப் புக்கு அச்சுல தப்பாப் போச்சுங்க. ஒரே கதை ரெண்டு தடவ வந்துருக்குது. நல்ல புக்கா ஒண்ணு மாத்திக் குடுங்க."

ஜெப்சனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "தப்பு இல்ல சிஸ்டர். நாலு பேரு எழுதுனது. நாலு சாட்சி."

"சாட்சிங்களா?" என்றாள் வெண்ணிலா. அவள் முகம் மாறியதை ஜெப்சன் ஆவியானவரின் கிரியை என்று நினைத்துக்கொண்டார்.

ஆவியும் இல்லை, கிரியையும் இல்லை. கொட்டாங்காட்டில் வழக்கு என்று வந்தால் சாட்சிகளை ஒன்றாக நிற்க விடமாட்டார்கள். ஒவ்வொருவரையும் காப்பிக் களத்துக்கு அந்தப் பக்கம், காது எட்டாத தூரத்துக்குக் கூட்டிப் போய்த் தனித்தனியாகக் கேட்பார்கள். அங்கங்கே முன்னே பின்னே மாறினால் பரவாயில்லை, கண்ணால் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு பேர் வார்த்தை மாறாமல் ஒப்பித்தால் போச்சு. சொல்லிக் கொடுத்து வந்தவர்கள் என்று தள்ளிவிடுவார்கள். வெண்ணிலா மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நாலு பேரையும் களத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனாள்.

நாலு பேரும் நன்றாகவே மாட்டிக்கொண்டார்கள். இயேசுவின் கல்லறைக்கு விடியற்காலையில் போனது யார்? ஒருவர் கணக்கில் ஒரே பெண், இன்னொருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று. அங்கே இருந்தது வெள்ளை உடுத்த இளைஞனா, தேவதூதனா, இரண்டு ஆட்களா? ஆளுக்கொன்று சொன்னார்கள். 'சரி, இது பரவால்ல' என்று விட்டுவிட்டாள். ஆனால் முடக்குவாதக்காரன் எழுந்து நடந்த கதையில் மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேருடைய முடிச்சும் அவிழ்ந்தது. இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே கதை சொல்கிறவர் குறுக்கே புகுந்து, இதை அந்த நோயாளியிடம் சொன்னார் என்று ஒரு வரி செருகுகிறார். மூன்று பேரும் செருகுகிறார்கள், அதே இடத்தில்! பார்த்ததைச் சொல்கிற மூன்று பேர் ஒரே இடத்தில் இருமுவார்களா?

"பாத்து எழுதியிருக்காங்க. ஆளைப் பாத்தில்ல, பக்கத்து நோட்டப் பாத்து" என்று அவள் சிவக்குமாரிடம் சொன்னாள். அவன் பாதித் தூக்கத்தில் "யாரு, நம்ம ஊருப் பசங்களா?" என்றான்.

பேராசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு, மாற்குதான் முந்தியது, மற்ற இருவரும் அதை வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று பெரும்பாலும் ஒத்துக்கொண்ட விஷயம்தான் இது. வெண்ணிலாவோ மத்தேயுதான் முந்தி என்று அடித்துச் சொன்னாள், புத்தகத்தில் முதலில் இருக்கிறதாம். அது தப்பு. ஆனால் அந்தப் பெயர்கள் எல்லாம் தலைப்பில்தான் இருக்கின்றன, உள்ளே எங்கேயும் எவரும் 'மத்தேயுவாகிய நான்' என்று எழுதவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். அது சரி. லூக்காவை மட்டும் அவளுக்குப் பிடித்துப்போனது. விசாரித்து எழுதுகிறேன் என்று முதலிலேயே ஒத்துக்கொண்ட மனுஷன்.

இப்படிச் சந்தேகமாகக் கொண்டு போய்க் கேட்கக் கேட்க, ஜெப்சன் கண்ணுக்கு அது பக்தியாகத் தெரிந்தது. கார்த்திகை பிறந்தபோது ஊரே குசுகுசு என்று பேசியது. ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் கூட்டம் போட்டார். வெண்ணிலா ஞானஸ்நானத்தில் முங்கி வேதத்தில் சேர்ந்துவிட்டாள், அந்த வீட்டை ஊரோடு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது வழக்கு. ஊரை விட்டுத் தள்ளினால் ஒரு கை வராது. காப்பிப் பறிப்பில் இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று வீடுகள் கைமாற்றிக்கொள்வதுதான் அங்கே நடைமுறை. சிவக்குமாரின் முகம் வெளுத்திருந்தது.

கோபத்தில் ஊர் தன் வழக்கத்தையே மறந்தது. மூன்று சாட்சிகளையும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஜீப் ஓட்டும் செங்கோடன் முதலில் சொன்னான்: "கர்த்தருக்குள்ள முங்கி எந்திரிச்சிட்டாளுங்க. கொட்டாங்காட்டுல ஒரு ஆத்துமா ஆதாயமாயிருச்சுங்க." அடுத்து சின்னத்தாயி, அதையே. அப்புறம் ஐயாக்கண்ணு, அதையே.

வெண்ணிலா எழுந்தாள். "ஏனுங்க செங்கோடண்ணா, வாரா வாரம் கெடா வெட்டித் திங்கறவரு நீங்க. ஜெபக்கூடத்துக்காரங்களாட்டம் ஆத்துமா ஆதாயம்னு பேச எப்பங்க பழகுனீங்க?"

கூட்டம் குபீர் என்று சிரித்தது. செங்கோடன் தலையைச் சொறிந்தான். "நானா எங்க சொன்னேன்? செல்லுல வந்துச்சு. அதத்தான் இவங்களுக்கும் போட்டுக் காட்டுனேன்."

செல்லில் வந்தது ஜெப்சனின் குரல். ஜெபக்கூடத்துக்காரர்களுக்கு அனுப்பியது கை மாறி கை மாறி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்திருந்தது. வெண்ணிலா அங்கேயே ஜெப்சனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் எப்பங்க முங்குனேன்?"

"விசுவாசத்துல சொன்னேன் சிஸ்டர். நடக்கப்போறத நடந்ததாச் சொல்றதுதான் விசுவாசம்."

"அப்ப அந்த நாலு பேரும் இப்படித்தான் எழுதுனாங்களா பாஸ்டருங்க?"

போன் கட் ஆனது. பெரியண்ணனே வாய் விட்டுச் சிரித்தார். "சரி அம்மிணி, நீ முங்கல. ஒத்துக்கறோம். அப்பறம் எதுக்கு அந்தப் புக்கப் படிக்கற?"

"யாரு எழுதுனாங்கன்னு பாக்கத்தானுங்க மாமா."

"நம்ம மலைச்சாமி சேர்வராயன் கதையவும் இப்பிடித்தான் கேப்பியா, யாரு சொன்னது, எவன் பாத்ததுன்னு?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சின்னப் பொய். சிவக்குமார் கண்ணாலேயே கெஞ்சினான். வெண்ணிலா அவனைப் பார்த்துவிட்டு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

"கேப்பனுங்க."

சிரிப்பு நின்றது. அடுத்தவன் சாமியைத் தோண்டித் துருவியபோது கைகொட்டிய கூட்டம், தன் சாமி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த வீட்டுக்கு யாரும் போகக் கூடாது, கை கொடுக்கக் கூடாது என்று அங்கேயே முடிவானது.

மறுநாளே ஜெப்சன் வேர்க்க விறுவிறுக்க மலையேறி வந்தார். "நம்ம சபை ஆளுங்க இருபது பேர அனுப்புறேன் சிஸ்டர். பறிச்சுக் குடுப்பாங்க. நீங்க ஞானஸ்நானத்துக்கு மட்டும் ஒரு தேதி சொல்லுங்க."

"முங்குனாத்தான் பறிப்பீங்களா?"

ஜெப்சன் டைரியை எடுத்துத் தேதியைப் புரட்டினார்.

"நல்லதுங்க. பாத்து எறங்குங்க, வழுக்கும்" என்று வெண்ணிலா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

சிவக்குமார் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் தானாகவே ஏணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். இரண்டு பேர் கை எவ்வளவு பறிக்கும்? மேட்டுப் பக்கம் முழுக்கச் செக்கச்செவேல் என்று பழுத்துத் தொங்குகிறது. தை கடந்தால் எல்லாம் கறுத்து உதிர்ந்துவிடும். ஒருவரை ஊர் கூடித் தள்ளி வைப்பது குற்றம் என்று வெண்ணிலா போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஃபைல் நகரும்போது நகரட்டும், பழம் அதுவரை காத்திருக்காது.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களே, ஏரியில் படகு விட்டது போதும். மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறுங்கள். இறங்கியதும் வெண்ணிலா வீடு எது என்று நாலு பேர் காதில் விழும்படி உரக்கக் கேளுங்கள். உள்ளே போய் உட்கார்ந்து அவள் கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள். பிறகு ஒரு கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பொழுது சாயும்வரை பழம் பறித்துக் கொடுங்கள்.