பார்த்தவர்கள் சொன்னபடி

என் வீட்டுக்காரர் புத்தகத்துக்கு முத்திரை குத்தினால் தாளம் தப்பாது.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய் கமிஷன் கடையின் மாடியில் இருந்தது அவர் வேலை பார்த்த நூலகம். ஜன்னலுக்கு நேர் எதிரே பூங்கா. பூங்காக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் சாயங்காலம் ரேடியோ பாடத் தொடங்கியதும் இவர் மசிப் பெட்டியைத் திறந்துகொள்வார். மசியில் ஒரு குத்து, பக்கத்தில் ஒரு குத்து, எல்லாம் பாட்டோடு. பல்லவி முடிந்து வயலின்கள் கூட்டமாக எழும் இடத்தில் மட்டும் கை அந்தரத்தில் நின்றுவிடும். வயலின் அடங்கிய பிறகுதான் அடுத்த புத்தகம். செய்தி வாசிக்க ஆரம்பித்தால் மசிப் பெட்டியை மூடிவிடுவார்.

"விலைவாசியைக் கேட்டுக்கிட்டே குத்துனா முத்திரை கோணலா விழுது புள்ள" என்பார். காப்பி கொண்டுபோகிற சாக்கில் அங்கே போய் வாரப் பத்திரிகை படிக்க உட்காரும் நான், அவர் சொல்வதை நம்புவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்வேன்.

புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அலைவார். சணலை அறுக்க மாட்டார், முடிச்சைப் பொறுமையாக அவிழ்ப்பார். அட்டையைத் தடவிப் பார்த்து, நடுவில் விரித்து மோந்து பார்த்து, பிறகு படம் இருக்கிறதா என்று புரட்டுவார். படம் இருந்தால் அந்தப் புத்தகத்துக்கு வேறு சிபாரிசே வேண்டாம். பயிர்ப் பூச்சியைப் பற்றிப் புத்தகம் கேட்டு வந்த ஒரு தோட்டக்காரரிடம், "அது கெடக்கட்டும், இதுல நடுப் பக்கத்துல ஒரு மாட்டுவண்டி வரைஞ்சிருக்காக பாருங்க, மாடு மூச்சு விடுறது தெரியும்" என்று ஒரு நாவலைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். அந்த மனிதர் மறுவாரம் வந்து வேறு மாட்டுவண்டி இருக்கிறதா என்று கேட்டார். பூச்சி என்ன ஆனதோ.

இந்த மனிதருக்கு உள்ளூர ஓர் ஆசை உண்டு. தானும் பத்திரிகைக்குப் படம் போட வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து, அதன்மேல் இந்தியன் இங்க் ஓட்டி, மெட்ராஸுக்கு அனுப்புவார். திரும்பி வருவதற்குத் தபால்தலை ஒட்டிய கவரும் உள்ளே இருக்கும். எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. கூடவே, வருந்துகிறோம் என்று அச்சடித்த சின்னத் துண்டு. எனக்கு ஆத்திரமாக வரும். அவர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, "அச்சு எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாரு" என்பார்.

ஒரு தடவை மட்டும் திரும்பி வந்த படத்தைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "பத்திரிகையில வரணும்னுகூட இல்ல புள்ள. யாராச்சும் ஒருத்தர், இந்தப் படம் எனக்கு வேணும்னு கேட்டாப் போதும்."

அவர் படங்களில் குறை இல்லாமல் இல்லை. முக்கியமான குறை, எல்லாக் கதாநாயகிகளுக்கும் என் மூக்கு. வீட்டில் உட்காரச் சொல்லிப் பார்த்து வரைய என்னைத் தவிர வேறு யார் அகப்படுவார்கள்? "ராஜகுமாரிக்கு இந்த மூக்கை வச்சா எவன் படை எடுத்து வருவான்?" என்று கேட்டேன். "நான் வரலையா?" என்றார். இப்படிப் பேசினால் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

இந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் பிளேடு திருட்டு ஆரம்பித்தது.

வாரப் பத்திரிகை வந்து மேஜையில் கிடந்த இரண்டொரு நாளில், தொடர்கதைக்குப் போட்ட படம் பிளேடால் சதுரமாக வெட்டப்பட்டுக் காணாமல் போயிருக்கும். படத்தோடு பின்பக்கக் கதையும் போய்விடும். படிக்கிறவர்கள் கத்தினார்கள். இவருக்கோ வீட்டில் களவு போனது போலத் துக்கம். ஒரு விஷயத்தை நான்தான் முதலில் கவனித்தேன். திருடன் மீசை உள்ள எவரையும் தொடவில்லை. பெண்கள் படம் மட்டுமே போயிற்று. யாரோ காதல் கிறுக்கன் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். காளையரை எல்லாம் முறைத்துப் பார்ப்பதே கொஞ்ச நாள் நூலகத்தின் முக்கிய வேலையாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பத்திரிகையைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இவர் பூட்டவில்லை. ஓட்டைக்குப் பின்னால் வெள்ளைத் தாளை ஒட்டி, போன படத்தைத் தானே வரைய உட்கார்ந்தார். வந்ததும் பத்திரிகை படிக்கிறவர்கள் கைக்குப் போய்விடுவதால் அவர் அதைச் சரியாகப் பார்த்திருக்கக்கூட இல்லை. அதனால், வெட்டுப்படும் முன் பார்த்தவர்களை ஒவ்வொருவராக மேஜைக்குக் கூப்பிட்டார். அவர்கள் சொல்லச் சொல்ல வரைவார். முடிந்ததும் கீழே 'பார்த்தவர்கள் சொன்னபடி' என்று சின்ன எழுத்தில் எழுதி, படத்தின் காலடியில் ஊதா முத்திரையைக் குத்துவார். நூலகச் சொத்து அல்லவா!

அது ஒரு கூத்து. அதைப் பார்க்கவே காப்பியைச் சீக்கிரம் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் நடந்தது அப்படியே நினைவிருக்கிறது. கதாநாயகி, ஊரை விட்டுப் போகும் அண்ணனை வழியனுப்புகிற கட்டம். மேஜையைச் சுற்றி மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், எஸ்டேட் ஜீப் ஓட்டும் டிரைவர், கீழே ஏலக்காய்க் கடை முதலாளி.

"கிணத்தடியில நின்னா" என்றார் டிரைவர்.

"வாசல்லதான நின்னா? கையில செம்பு இருந்துச்சு, அதான் உங்களுக்குக் கிணறு ஞாபகம்" என்றார் டீச்சர்.

"செம்பு இல்ல, வெளக்கு" என்றார் முதலாளி.

"சரி, கையி? ஜாக்கெட் கை எப்படி?" என்று இவர் பென்சிலைத் தூக்கினார்.

"குட்டையா, பஃப் வச்சு" என்றார் டீச்சர்.

"நீளக் கை. முட்டு வரைக்கும்" என்றார் டிரைவர்.

"நான் வளையலைத்தாம்ப்பா பாத்தேன்" என்றார் முதலாளி.

பூங்கா ரேடியோவில் ஒரு தாலாட்டுப் போல ஏதோ பாடிக்கொண்டிருந்தது. இவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு யார் சொன்னதும் இல்லாத ஒரு ஜாக்கெட் கையை வரைந்தார். முழங்கை முட்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் கை. அதன் ஓரத்தில் வெற்றிலை நுனி போல ஒரு வெட்டு. வெட்டின் முனையில் ஒரே ஒரு பொத்தான். மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதேதான்!" என்றார் டீச்சர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நானும் அந்தப் பத்திரிகையை முந்தின நாளே படித்தவள்தான். அப்படி ஒரு கை அந்தப் படத்தில் கிடையவே கிடையாது. இருந்தும் இதைப் பார்த்த பிறகு, இருந்திருக்கலாமே என்று தோன்றிவிட்டது. அந்த நிமிஷம் அவரை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. வழக்கம் போல முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. காப்பி ஆறுகிறது என்று மட்டும் அதட்டினேன்.

அடுத்த வாரமே அந்தப் படம் போய்விட்டது. பிளேடால் நாலு பக்கமும் சுத்தமாக வெட்டி, முத்திரையோடு சேர்த்து எடுத்திருந்தான் திருடன். அதே இதழில் அச்சான படம் ஒன்றும் கிடந்தது, ஒரு பெண் படம்தான். அதைத் தொடவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஏ புள்ள, என் படத்தைக் களவாண்டுட்டாக."

முகமெல்லாம் வெளிச்சம். நானும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளிச்சம் குறைந்தது. என்னையே உற்றுப் பார்த்தார்.

"நெசத்தைச் சொல்லு. நீதான வெட்டுன? என்னைச் சந்தோசப்படுத்தணும்னு."

எனக்குக் கோபம் வந்தால் எந்த வார்த்தை முதலில் விழும் என்று எனக்கே தெரியாது. "உங்க படத்துக்காகப் பிளேடைத் தூக்கிட்டுத் திரியுறதுதான் எனக்குப் பொழப்பா? வீட்டுல கெடக்குறதையே நான் அடுக்கி மாளல!" என்று கத்தினேன். சத்தியம் பண்ணினேன். பண்ணப் பண்ண அவர் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. "சரி சரி, விடு" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வரையவில்லை. அந்த ஓட்டை ஓட்டையாகவே கிடந்தது. டீச்சர் வந்து கேட்டபோது, பென்சில் தேய்ந்துவிட்டது என்றாராம். முத்திரை குத்துகிற கை மட்டும் தாளத்தோடு போயிற்று, வயலினுக்கு நிற்கவில்லை. பெண்டாட்டி பரிதாபப்பட்டுத் திருடுகிற அளவுக்குத்தான் தன் படம் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். நான் செய்யாத காரியம் அவரை இவ்வளவு நோகடிக்குமா என்று எனக்கு அழுகையாக வரும்.

மழை விட்ட பிறகு, பக்கத்து ஊரான தேவாரத்தில் என் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. இவருக்கு லீவு இல்லை. நான் இரண்டு நாள் முந்தியே போனேன். புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் தைக்க அக்கா என்னைக் கடைவீதித் தையற்காரரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வயதில் ஐம்பதைத் தொட்ட ஆள், கழுத்தில் அளவு டேப். இரண்டு பெண்கள் துணியோடு நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி சுவரைக் காட்டி, "எனக்கும் அந்தா அங்கன இருக்கில்ல, அந்தக் கைதான் வேணும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பத்திரிகையில் வெட்டிய பெண்கள். நின்றவள், உட்கார்ந்தவள், அழுகிறவள். எல்லோருக்கும் விதவிதமான கை, கழுத்து. எல்லோருக்கும் நடுவில், தனியாக அட்டையில் ஒட்டி, என் மூக்கு. கையில் செம்பா விளக்கா என்று தெரியாத ஏதோ ஒன்று. காலடியில் ஊதா முத்திரை. அந்த வெற்றிலை நுனி வெட்டு, அதன் முனையில் ஒற்றைப் பொத்தான்.

"இந்தப் படம் உங்களுக்கு எங்கன கெடச்சுச்சு?" என்று கேட்டேன்.

"நூல்கண்டு வாங்கப் போடிக்குப் போவேன்த்தா. பஸ்சுக்கு நேரம் இருந்தா அங்கன ஒரு லைப்ரரியில..." என்று இழுத்தவர், பேச்சை மாற்றினார். "மெட்ராஸ்ல படம் போடுறவுகளுக்குத் துணி தெரியாது. சும்மா கோடு இழுத்து விட்டுருவாக. இதை வரைஞ்சவுக பாருங்க, தையல் எங்கன ஏறி எங்கன எறங்குதுன்னு தெரியுது. பாத்தவுடனே கத்திரி போடலாம். இந்த ஊருல பாதிப் பேரு இப்ப இந்தக் கைதான்."

சொல்லிக்கொண்டே அளவு எடுக்க நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி என் மூக்கைப் பார்த்தார். டேப் கையிலிருந்து நழுவியது.

"அதை வரைஞ்சவுக எங்க வீட்டுக்காரவுக" என்றேன்.

பாவம், பயந்துபோய் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றப் போனார். "பெரிய தப்புத்தா. குடும்பம் நடத்துறவன், இந்த வயசுல..." என்று உளறினார். திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. பல மாதம் சேர்த்து வைத்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"கழட்டாதீக. அது அங்கனயே இருக்கட்டும். இனிமே பிளேடு எடுத்துக்கிட்டுப் போகாதீக. படம் வேணும்னா அவுக மேசைக்கு நேராப் போயி, வேணும்னு வாயைத் தொறந்து கேளுங்க. அது போதும் அவுகளுக்கு." பிறகு என் துணியை நீட்டினேன். "எனக்கும் அந்தக் கைதான்."

காதுகுத்து முடிந்து ஊர் திரும்பியபோது அந்த ஜாக்கெட்டோடுதான் பஸ் ஏறினேன். நேராக நூலகத்துக்குப் போனேன். சாயங்காலம், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மேஜைமேல் கையை வைத்தேன்.

முத்திரை நின்றது. விலைவாசி நேரம்கூட இல்லை. வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு, கிழிந்த பக்கத்தின் ஓரத்தைப் பிடிப்பது போல இரண்டு விரலால் அந்த வெட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கன தச்ச?"

சொன்னேன். சுவரில் இருப்பதைச் சொன்னேன். பாதி ஊர் போட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னேன். தையல் தெரிகிறது என்று தையற்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இனி படம் வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்கச் சொல்லியிருப்பதையும் சொன்னேன். நான் வெட்டவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. இனி அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் பொத்தானைத் தொட்டார்.

"இது இன்னும் ஒரு விரக்கடை கீழ இருக்கணும் புள்ள. அவுக இங்கன வந்தாச் சொல்லணும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.