குடும்பத்துக்கு ஒரு வாக்கு

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும். குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அதைக் குடும்பத் தலைவர் போடுவார். தலைவர் என்றால் புருஷன்தான். பெண்சாதி இடியப்பம் அவித்துக்கொண்டு வருவாள். ஊரிலிருந்து ஓடிவந்தபோது எதையெதையோ விட்டுவிட்டு வந்தோம். இந்தக் கோதாரி வழக்கத்தை மட்டும் கவனமாகக் கொண்டுவந்து சேர்த்தோம்.

எனக்கு அடுத்த அப்பார்ட்மென்டில் இருந்த சிநேகிதி அந்த வருடம் நிர்வாகக் குழுவுக்கு நிற்கப்போவதாகச் சொன்னாள். அவளுடைய புருஷனை யாழ்ப்பாணத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. சங்கத்தில் சேர்ந்தபோதும் வழக்கப்படி குடும்பத் தலைவர் என்று அவர் பெயரைத்தான் கொடுத்தாள்.

சங்கம் எந்நேரமும் கோயில் மதிலுக்கே காசு சேர்த்தது. ஊரில் தனித்துப்போன பெண்களுக்கு ஒரு தையல் நிலையம் போடவேண்டும் என்பது அவள் ஆசை.

"உள்ளுக்கு ஒரு பொம்பிளை இருந்தால்தான் அக்கா உது நடக்கும்."

கூட்டத்தில் நான்தான் அவளை முன்மொழிந்தேன். சங்கத் தலைவர் கெட்ட மனுஷன் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, வாக்கில்லாத ஆள் நிக்கேலாது. உங்கடை வீட்டு வாக்கு அவரின்ரை பேரிலை கிடக்கு. அவர் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இப்பவே உங்கடை பேருக்கு மாத்திவிடுறம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, உது சபையிலை கேக்கிற கேள்வியோ?" என்று கத்தினேன்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார் பின்னால் ஒருவர். பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி, "சொன்னால் என்ன, ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்று முணுமுணுத்தாள். அவளை அறையலாம் போலிருந்தது.

என் சிநேகிதி எழும்பினாள். கை தாலிக்கொடிக்குப் போனது. அந்தச் சொல்லைச் சொன்னால் தையல் நிலையம் வரலாம். ஆனால் அவரைத் தன் வாயாலேயே சாகடிக்கவேண்டும்.

"இருக்கிறார்" என்றாள்.

"அப்ப சரி, அவர் வந்து போடட்டும்" என்றார் தலைவர்.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. பழைய ஆட்களையே கைதட்டித் தெரிவுசெய்தார்கள். பிறகு பெண்களைத் தேத்தண்ணி ஊற்றக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள்.